மூன்று வயதுக் கையில் பென்சில் எதற்கு?

கயல் அம்மா:
மகளுக்கு மூன்று வயது இரண்டு மாதம். ப்ரீ.கே.ஜி. சேர்த்து ஐந்து வாரம்தான் ஆகிறது. நேற்று டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் வீட்டில் எழுதிப் பழக்கவும்.’ பென்சிலைக் கையில் கொடுத்தால் அதை முறுக்கு மாதிரி கடிக்கிறாள். எதிர்வீட்டுப் பையன் இருபது வரை எழுதுகிறான். பழக்கவா, விட்டுவிடவா?

மேட்டூர்க்காரர்:
பழக்குங்கள். அடுத்த வருடம் எல்.கே.ஜி.யில் மற்றவர்கள் எழுதும்போது இவள் மட்டும் விழிப்பாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அவ்வளவுதான். நாம் எல்லாரும் அரிசியில் ‘அ’ எழுதி வந்தவர்கள்தானே.

பல்லாங்குழி:
அரிசியில் எழுதியது விரலால், சார். அதுவும் ஒருநாள் சடங்கு. மூன்று வயதில் மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் மூன்று நான்குதான் எக்ஸ்ரேயில் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்பு. அந்தக் கைக்கு இரண்டு வரிக்கோட்டுக்குள் கோடு போடும் வேலையா? சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும்.

மேட்டூர்க்காரர்:
சப்பாத்தி மாவு உருட்டுவதும் அதே மணிக்கட்டுதானே?

பல்லாங்குழி:
சரி, அந்த அடி எனக்கு விழுந்தது :) எலும்பை விடுவோம், மூளைக்கு வருவோம். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஐந்து புளியங்கொட்டையை ஒரு வரிசை, அதற்கு நேர் எதிரே இன்னொரு ஐந்து. இரண்டும் சமமா என்று கேளுங்கள், ஆமாம் என்பாள். அவள் கண்ணெதிரே ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். பரப்பியதில்தான் அதிகம் என்பாள். பியாஜே என்ற சுவிஸ் அறிஞர் பிரபலமாக்கிய சோதனை இது. ஆறேழு வயதுவரை பல குழந்தைகள் அப்படித்தான் சொல்வார்கள். இருபது வரை எழுதும் எதிர்வீட்டுப் பையனிடமும் கேட்டுப் பாருங்கள். ‘5’ என்று எழுதத் தெரிவதும் ஐந்து என்றால் என்னவென்று தெரிவதும் வேறு வேறு. பல்லாங்குழி ஆடிக் குழிக்கு ஒன்றாகக் காய் போடும்போதுதான் இரண்டாவது வரும். உன் முறை முடிந்தது, இனி என் முறை என்று காத்திருக்கும் பழக்கமும் அதோடு சேர்ந்தே வரும்.

மேட்டூர்க்காரர்:
விளையாட்டே போதும் என்பவர்கள் வீட்டில் புத்தக அலமாரி இருக்கிறது, கதை சொல்ல ஆள் இருக்கிறது. என் அம்மா கைநாட்டு. எனக்கு எழுத்து பள்ளியில்தான் கிடைத்தது. கற்பிக்கும் நேரம் கூடினால் பலன் உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆய்வு இருக்கிறது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இருவரும் செய்தது. நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகள். குலுக்கல் முறையில் அதில் 320 மையங்களுக்கு அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பாட நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடத்தில் அந்தக் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முந்தினார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பல்லாங்குழி:
நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் முடிவையும் பாருங்கள். ஏறக்குறைய 3,000 ஏழைக் குழந்தைகள். அரசு மழலைப் பள்ளிக்குப் போனவர்கள் முதலில் முந்தினார்கள். 2022இல் வந்த முடிவுப்படி, ஆறாம் வகுப்பில் அதே பிள்ளைகள் போகாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள், ஒழுங்குப் புகார்களும் அதிகம். காரணத்தைப் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது.
அதே நாட்டில் 1962இல் மிச்சிகனில் தொடங்கிய பெர்ரி என்ற மழலைப் பள்ளித் திட்டத்தில் 58 குழந்தைகள். இன்று என்ன செய்யப்போகிறேன் என்று குழந்தையே சொல்லும், செய்யும், பிறகு எல்லாரிடமும் விவரிக்கும். அவர்களுடைய அறிவுத்திறன் மதிப்பெண் முன்னிலை சில வருடங்களில் கரைந்துபோனது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தால், திட்டத்தில் சேராதவர்களைவிட வருமானம் அதிகம், கைதானவர்கள் குறைவு. மதிப்பெண் கரைந்த பிறகும் ஏதோ ஒன்று கரையாமல் நின்றிருக்கிறது இல்லையா?

மேட்டூர்க்காரர்:
58 பேரை வைத்து ஊருக்கே சட்டம் போடுவீர்களோ? 640 மையம் போதாது, 58 பிள்ளை போதுமா?

ஓய்வுபெற்ற டீச்சர்:
அங்கன்வாடியில் 31 வருடம் இருந்தவள். உங்கள் இருவர் கண்ணிலும் ஒன்று படவில்லை. அந்த 320 மையங்களில் கூடியது பாடம் மட்டுமா? ஒரு ஆள் கூடியிருக்கிறார்! ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு எடை பார்க்க, சத்துமாவு கொடுக்க நேரம் கிடைத்தது. அங்கே வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் குறைந்தார்கள் என்பதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?
நான் தனி ஆளாக 27 பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் மூக்கு ஒழுகும், ஒருத்தி அம்மா என்று அழுவாள், இடையில் பதிவேடு. அப்போது சிலேட்டைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னால் அரைமணி நேரம் சத்தமிருக்காது. அது எனக்காகப் போட்ட கோடு, அவர்களுக்காக இல்லை. பெற்றோருக்காகவும்தான். நோட்டில் ஒன்றும் இல்லையென்றால் ‘என்ன சொல்லிக் கொடுத்தீங்க?’ என்று வாசலில் நிற்பார்கள். ஒரே மூன்றுசக்கர வண்டிக்கு அடித்துக்கொண்ட இரண்டு பேர், தீபாவளிக்குள் ‘நீ தள்ளு, நான் ஓட்டுறேன்’ என்று வந்து நிற்பார்கள். அதை எந்த நோட்டில் காட்ட?

மேட்டூர்க்காரர்:
வாசலில் நின்றவர்களில் நானும் ஒருத்தன், டீச்சரம்மா. கட்டணம் கட்டுகிறவன் எதையாவது பார்க்கத்தானே கேட்பான்? அதுவும் போகட்டும். எல்.கே.ஜி. இன்டர்வியூவில் எழுதச் சொன்னால் நீங்கள் யாராவது வந்து நிற்பீர்களா?

பல்லாங்குழி:
மூன்றரை வயதுக்கு இன்டர்வியூ வைக்கும் பள்ளியில் சேர்க்காமல் இருக்கலாம்.

மேட்டூர்க்காரர்:
எங்கள் பக்கம் இருப்பதே இரண்டு பள்ளி.

கயல் அம்மா:
புளியங்கொட்டை சோதனை செய்தேன். பரப்பிய வரிசைதான் அதிகம் என்றாள். எண்ணிக் காட்டினேன். ஐந்து, ஐந்து. ‘ஆனா இது பெரிய்ய அஞ்சு’ என்றாள்! எதிர்வீட்டுப் பையனும் அதையேதான் காட்டினான், அவன் அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. டீச்சரம்மா, திங்கட்கிழமை டைரியில் என்ன எழுதி அனுப்ப?

ஓய்வுபெற்ற டீச்சர்:
டைரியில் எழுதாதே, கண்ணு. அங்கே இருக்கிற மிஸ்ஸிடம் நேரில் போய், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கூட ஆயா இருக்கிறாரா என்று கேள். இருபதுக்கு மேல் என்று சொன்னால் அவளைக் கோபிக்காதே. கோட்டை மட்டும் கோலமாவில் விரலால் போடவை.