துருப்பிடித்த சைலன்சர்: பின்பகுதியை மட்டும் மாற்றினால் போதுமா?

வளைவுப்பாதை:
என்னிடம் 1993ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. பின் சைலன்சரின் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துரு அரித்துவிட்டது. நடுக்குழாயின் மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்ந்தாலும், சுத்தியலால் தட்டினால் கெட்டியான ஓசையே வருகிறது. காலையில் முதல்முறை இயக்கும்போது முன்பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. எஞ்சின் சூடேறியதும் அது அடங்கிவிடுகிறது. சைலன்சரை மட்டும் மாற்றினால் போதுமா, எவர்சில்வர் குழாய்களாக மொத்தத்தையும் மாற்றிவிடுவது நல்லதா?

இரும்புக்கை:
மொத்தத்தையும் மாற்றுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் குழாய் போதிய அளவு சூடாவதில்லை என்பதால், அந்த ஆவி குளிர்ந்து, புகையிலுள்ள அமிலங்களோடு கலந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் கொட்டகையில் நின்று, வார இறுதியில் மட்டும் சிறிது தூரம் ஓடுபவை. ஆகவே துரு உள்ளிருந்துதான் தின்றுகொண்டு வருகிறது. வெளியே தட்டிக் கேட்ட ஓசையை வைத்து நடுக்குழாய்க்கு ஆயுள் கணிப்பது, பானையின் வெளிப்புறத்தைப் பார்த்துவிட்டு உள்ளிருக்கும் சோறு வெந்துவிட்டது என்று சொல்வதைப் போன்றது.

பழையதேநலம்:
உள்ளிருந்து அரிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் தேங்குமிடம் சைலன்சரின் வயிறுதான். சரிவாகச் செல்லும் நடுக்குழாயில் அது தங்குவதில்லை. அதனால்தான் நண்பரின் வண்டியில் முதலில் சைலன்சரில் ஓட்டை விழுந்திருக்கிறது.

எவர்சில்வர் என்ற ஒற்றைச் சொல்லை நம்பியும் வாங்கிவிட வேண்டாம். 409 எனப்படும் வகையில் குரோமியம் 11 விழுக்காட்டளவே உண்டு. சில மாதங்களிலேயே பழுப்பேறிவிடும், ஓட்டை விழ மட்டும் நெடுங்காலமாகும். 304 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு என்பதால் அது நெடுநாள் பளபளக்கும், ஆனால் சூட்டில் சாதாரண எஃகைவிட அதிகமாக நீளும். இரண்டு மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் சாதாரண எஃகு சுமார் 7 மில்லிமீட்டரும், 304 சுமார் 10 மில்லிமீட்டரும் நீளும். தொங்கவிடும் ரப்பர்கள் இறுகிப் போயிருந்தால் அந்த அழுத்தமெல்லாம் இணைப்புகளின் தலையில் விடியும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள், ஐயா. முப்பது ஆண்டுத் துரு ஏறிய இணைப்புகளில் எத்தனையைத் திறக்கிறோமோ, அத்தனை ஸ்டட் (நட்டு ஏறும் மரையாணி) முறிய வாய்ப்பு உண்டு.

இரும்புக்கை:
ஸ்டட் முறியும் என்று அஞ்சினால் இந்த வண்டியில் எதையுமே தொட முடியாது. துருநீக்கி எண்ணெயை முந்தைய நாள் இரவே ஊற்றி ஊறவிட்டு, நட்டைச் சூடாக்கி, முதலில் சற்று இறுக்கும் பக்கமாக அசைத்துவிட்டுப் பிறகு கழற்றினால் பெரும்பாலானவை விட்டுக்கொடுக்கும். விடாதவற்றைக் கிரைண்டரால் அறுத்துவிடலாம். தூக்கியெறியப்போகும் குழாயில் நட்டைக் காப்பாற்றி என்ன பயன்? புதிய சைலன்சரின் விளிம்பை, துருவால் மெலிந்துபோன பழைய விளிம்போடு இறுக்கினால்தான் ஆறு மாதத்தில் மறுபடியும் காருக்கு அடியில் படுக்க நேரும்.

மூன்றாம்கியர்:
இருவரும் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். குளிர்ந்த எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடேறியதும் அடங்குவது, எஞ்சின் தலைக்கும் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுதி) இடையிலுள்ள கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் இடைத்தகடு) கசிவின் வழக்கமான அடையாளம். உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் நின்றுவிடுகிறது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் புகை வெளியேறுவதோடு, துடிப்புகளுக்கிடையே வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படுகிறது. சென்சார் அந்தக் காற்றைக் கண்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று தவறாகச் சொல்ல, கணினி தேவையில்லாமல் கூடுதல் பெட்ரோலைச் செலுத்துகிறது. அது நீடித்தால், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெட்டுப்போகும்.

வண்டி குளிர்ந்திருக்கும்போது இயக்கி, பின்குழாயின் வாயைத் தடித்த துணியால் ஓரிரு நொடிகள் அடைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். மேனிஃபோல்டு ஓரத்தில் கரிக்கோடுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது.

வளைவுப்பாதை:
பார்த்துவிட்டேன். நான்காவது சிலிண்டருக்கு அருகே கரி படிந்திருக்கிறது, துணியால் அடைத்ததும் அங்கிருந்து சீறல் கேட்டது. அத்துடன் நடுக்குழாயைத் தாங்கும் ரப்பர் ஒன்று அறுந்து, குழாய் ஒருபக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பழையதேநலம்:
அப்படியானால் அந்தக் குழாயின் எடை இத்தனை நாளும் மேனிஃபோல்டை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. குழாய்கள் அனைத்தையும் மாற்றியிருந்தாலும் கேஸ்கட்டைத் தொடாதவரை அந்தச் சத்தம் போயிருக்காது என்பதை இரும்புக்கை ஒப்புக்கொள்வார் என நம்புகிறேன்.

இரும்புக்கை:
கேஸ்கட் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், நடுக்குழாய் விஷயத்தில் இல்லை. மேனிஃபோல்டைக் கழற்ற எப்படியும் முன்பக்க இணைப்பைத் திறந்தாக வேண்டும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறதே! மேலும் இது திறந்த கூரை வண்டி. கூரையை மூடி, பின்கண்ணாடியின் ஜிப்பை மட்டும் திறந்துவிட்டு ஓட்டும்போது, வண்டிக்குப் பின்னால் உண்டாகும் குறைந்த அழுத்தம் புகையை உள்ளே இழுத்துவரும். இப்போது சைலன்சரில் ஓட்டை இருக்கையில் அப்படி ஓட்டவே வேண்டாம்.

மூன்றாம்கியர்:
நடுக்குழாயை வெளியே எடுத்த பிறகு, வளைவுகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் திருப்புளியால் பலமாகக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் இரும்புக்கை சொன்னது சரி. இறங்காவிட்டால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு அதையே மாட்டலாம். மாட்டும்போது எல்லா இணைப்புகளையும் தளர்வாகவே கோர்த்து, ரப்பர்களில் தொங்கவிட்டு, குழாய் அடித்தட்டில் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்த பிறகே முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல், தாங்கு கால்களை வையுங்கள்.

வளைவுப்பாதை:
நேற்று எல்லாவற்றையும் கழற்றினேன். இரண்டு ஸ்டட் முறிந்தன. திருப்புளி கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாலுள்ள வளைவில் சுலபமாக இறங்கிவிட்டது. மற்ற இடங்களில் கீறல்கூட விழவில்லை.

பழையதேநலம்:
அந்த வளைவை மட்டும் வெட்டியெடுத்துப் புதிய துண்டை வெல்டிங் செய்யலாம்.

இரும்புக்கை:
செய்யலாம்தான். அந்தத் துண்டின் இரு முனைகளையும் எந்த இரும்போடு பற்றவைப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.