கிடார் மேல்பலகை: தட்டினால் நாலு உச்சம், எது எந்த அதிர்வு?

மரச்சுருள் (பெங்களூரு):
சிட்கா ஸ்ப்ரூஸ் மரம், மேல்பலகையின் இரண்டு பாதியில் இன்னும் ஒட்டாத ஒன்று. 550 × 200 × 4 மி.மீ., எடை 185 கிராம். தட்டிப் பதிவு செய்து ஆடாசிட்டியில் (ஒலிப்பதிவு மென்பொருள்) பார்த்தால் 50, 55, 70, 142 ஹெர்ட்ஸில் உச்சம் வருகிறது. பிடிக்கும் இடம் மாறினால் சிலது காணாமலே போகிறது. நார்வாக்கு (மர நார் ஓடும் நீளத் திசை) விறைப்புக்கு எதை எடுப்பது?

ஈட்டிப்பலகை:
காணாமல் போவது நல்லதுதான், அதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பலகை வளைந்து அதிரும்போது அதிராத கோடு முனையிலிருந்து 22.4 சதவீதத்தில் இருக்கும். நீளத்தில் 123 மி.மீ., அகலத்தில் 45 மி.மீ. என்று பென்சில் கோடு போட்டு, இரண்டும் வெட்டும் புள்ளியை இரு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள்.

நார்வாக்குக்கு, குட்டை ஓரத்தில் 45 கோட்டின் முனையைத் தட்டுங்கள். குறுக்குவாக்குக்கு, நீள ஓரத்தில் 123 கோட்டின் முனை. முறுக்கு அதிர்வு வேண்டுமானால் பிடியை நீள ஓரத்தின் நடுவுக்கு மாற்றி மூலையைத் தட்டவும். உங்கள் அளவுக்கு 70 நார்வாக்கு, 142 குறுக்கு, 55 முறுக்கு.

நார்வாக்கு விறைப்பு = 0.946 × அடர்த்தி × அதிர்வெண்² × நீளம்⁴ ÷ தடிமன்². எல்லாம் மீட்டர், கிலோ கணக்கில். அடர்த்தி 420, விடை சுமார் 11.1 கிகாபாஸ்கல், தாராளமாக நல்ல பலகை. குறுக்குக்கு நீளத்தின் இடத்தில் அகலம் போடுங்கள். ஒட்டுமுன் அளந்தது சரி. ஒட்டினால் அகலம் இரட்டிப்பாகி, குறுக்கு அதிர்வெண் நாலில் ஒரு பங்காகி 35-க்கு இறங்கிவிடும்.

தந்திவாத்தியம்:
50 மரமே இல்லை, கரண்ட் இரைச்சல். சார்ஜரைக் கழற்றி, ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள். தட்டாமல் பதிவு செய்தாலும் அந்த உச்சம் அப்படியே நின்றால் சந்தேகம் தீர்ந்தது. எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) அளவு 16384 வைத்தால், நொடிக்கு 44100 மாதிரி எடுக்கும் பதிவில் புள்ளிக்குப் புள்ளி 2.7 ஹெர்ட்ஸ் இடைவெளி. 70-க்கு அது ரொம்பக் கரடு. 65536 வையுங்கள், 0.67 ஆகும். அதற்கு ஒன்றரை நொடிப் பதிவு வேண்டும், ஒரு தட்டின் ஒலி அதற்குள் தேய்ந்து ஓய்ந்துவிடும், ஆகவே வரிசையாகப் பல தடவை தட்டவும். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் பியசோ வில்லையை (அதிர்வை மின்சமிக்ஞை ஆக்கும் வில்லை)ப் பலகையில் ஒட்டாதீர்கள்: அதன் எடை அதிர்வெண்ணை இறக்கும், ஒயர் ஒலியைச் சாகடிக்கும். பலகையைத் தொடாத மைக் போதும்.

மரச்சுருள்:
நன்றி சார். தடிமன் ஓரத்தில் வெர்னியர் வைத்து எடுத்தது, பரவாயில்லையா?

ஈட்டிப்பலகை:
அங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவது. அடர்த்தியும் தடிமனிலிருந்துதான் வருகிறது, ஆகவே விறைப்பு மொத்தத்தில் தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதம். 0.1 மி.மீ. பிசகினால் 7 சதவீதத்துக்கு மேல் போச்சு. ஆழவாய் டயல் காலிப்பரால் (ஓரத்தைத் தாண்டி உள்ளே எட்டும் தடிமன்மானி) நடுவிலும் பல இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள்.

ஜூலை ஈரத்தில் எடுத்த எண்ணை மார்ச்சில் எடுத்ததோடு ஒப்பிடவும் கூடாது. ஈரம் ஏறினால் எடை கூடும், விறைப்பு குறையும். 45–50 சதவீத ஈரப்பதத்தில் வைத்து, தினமும் எடை போட்டு, அது நிலைத்தபின் தட்டுங்கள்.

இறுதித் தடிமனுக்கு ஒரு கணக்கு: பலகை மொத்தமாக வளையாமல் நிற்பது மர விறைப்பு × தடிமனின் மும்மடி. அதனால் 11.1 கிகாபாஸ்கல் பலகை 2.6 மி.மீ. தடிமனில் நார்வாக்கில் நிற்கும் அளவுக்கு, 9 கிகாபாஸ்கல் பலகை நிற்க 2.8 மி.மீ. வேண்டும்.