புதுப்பிப்பு: சீனாவின் செங்டூவில் காதலி வீட்டாரைப் பார்த்துவிட்டேன்

காதலியின் பெற்றோரைப் பார்க்க செங்டூ போகிறேன், எதையெல்லாம் கவனிக்கணும் என்று முன்பு கேட்டிருந்தேனே, நல்லபடியாக முடிந்தது. ஓட்டலில் தங்காமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். அவள் அப்பாவே கூட வந்து முடித்துக் கொடுத்தார், அங்கேயே என் பாதி பயம் போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் பெரியவர்களின் கோப்பையோடு மோதும்போது நம்முடையதைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கணும், சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தவே கூடாது, இறந்தவர்களுக்கு ஊதுபத்தி வைக்கும் முறை அது. சிச்சுவான் மிளகில் நாக்கு மரத்துப்போனாலும் அவள் அம்மா பரிமாறியதை எல்லாம் ஆசையாகச் சாப்பிட்டேன். அப்புறம், அங்கே போகிறவர்கள் கிளம்பும் முன்பே அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் வங்கிக் கார்டை இணைத்துவிடுங்கள். வசந்த விழாவுக்கும், அதாவது சீனப் புத்தாண்டுக்கும், வரச் சொல்லியிருக்கிறார்கள், கண்டிப்பாகப் போவேன்.