தலைச்சுற்றுக்கு முதலில் எந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும்?

கேள்வி – பொகவந்தலாவையிலிருந்து ஒரு மகன்

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு வயது 54. இரண்டு வாரங்களாக, விடியற்காலையில் படுக்கையில் புரண்டாலே லயத்துக் கூரை சுழல்கிறது என்று சொல்லிக் கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறார். தோட்ட வைத்தியசாலையில் கொடுத்த மாத்திரை தீர்ந்ததும் சுற்று திரும்பவும் வந்துவிட்டது. கடன் வாங்கியாவது கண்டிக்குப் போய்த் தலையை ஸ்கேன் எடுக்கும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். செங்குத்தான மலையில் கூடையோடு நிற்கும்போது விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில் – கண்டி, செவிப்புலப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிபவர்

தம்பி, சுற்று எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை முதலில் குறித்து வையுங்கள். புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்குமானால், உட்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் நுழைந்திருக்கக்கூடும். அது ஸ்கேனில் தெரியாது. டிக்ஸ், ஹால்பைக் ஆகிய இருவர் 1952இல் விவரித்த சோதனைக்கு ஒரு கட்டில் போதும். தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி தாங்கிக்கொண்டு கண்களையே பார்த்திருப்போம். சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழிகள் சுழன்று துடிக்கத் தொடங்கும். அந்தத் துடிப்பைப் பார்த்தே எந்தக் காது என்று சொல்லிவிடலாம். உறுதியானால், அதே கட்டிலில் எப்லி முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பிப் படிகங்களை அந்தக் குழாயிலிருந்து வெளியேற்றுவார்கள். கழுத்தில் நோவு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால் கதை வேறு. படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்று 3 நிமிடங்களுக்குள் மறு தடவையும் பிரஷர் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதற்கான காரணத்தைத் தேட வேண்டும். மலையில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களின் இரத்தச்சோகையை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது என் மனக்குறை. ஆகவே ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் மரத்தல், நடக்கவே முடியாமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சுற்றுடன் வந்தாலும் தாமதிக்காமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். ஸ்கேன் அவசியமாவது பெரும்பாலும் அப்போதுதான்.

பதில் – ஹட்டன், ஓய்வுபெற்ற ஆசிரியை

எனக்குக் காதிரைச்சலும் இருந்ததால் ஒடியோகிராம் என்னும் கேட்கும் திறன் சோதனை எடுத்த பின், காதுக்குள் 30 பாகை செல்சியஸ் நீரையும் 44 பாகை செல்சியஸ் நீரையும் மாறிமாறிச் செலுத்திக் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். முதல்நாள் இரவு தலைச்சுற்று மாத்திரை விழுங்கியிருந்ததால் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டேன். வளைவுப் பாதையில் அத்தனை தூரம் பஸ்ஸில் போனது வீணானது. எந்த மருந்தை எத்தனை நாளுக்கு முன் நிறுத்துவது என்று திகதி எடுக்கும்போதே கேளுங்கள், மகன்.

கேள்வி கேட்டவர்

ஐயா, டீச்சர், இருவருக்கும் நன்றி. நேற்று வலப்பக்கம் தலையைத் திருப்பிச் சாய்த்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். அவருடைய கண்கள் துடித்ததை நானும் பார்த்தேன். எப்லி செய்தார்கள். இன்று காலை கட்டிலைப் பிடிக்காமல் எழுந்தார். இரத்தப் பரிசோதனை முடிவு திங்கட்கிழமை கிடைக்கும். அதுவரை மலைக்கு அனுப்பமாட்டேன்.