பனிக்காலத்தில் வடக்கே காரோட்டிப் போனவர்களே, மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

தென்முனை

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை ஒரே சாலை, என்.எச். 44. அதை முழுதாக ஓட்டிப் பார்க்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. நாங்கள் அதை ஜனவரியில், காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்று சொல்லும் கடுங்குளிர் நாட்களில் செய்தோம். பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. ஜம்மு எல்லை தாண்டியதும் நம் பிரீபெய்ட் சிம் செத்துவிடும், அதுவும் தெரிந்ததே. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தங்மார்கிலிருந்து குல்மார்குக்கு ஏறும் சாலை. பனியில் வழுக்காமலிருக்க டயரில் சங்கிலி மாட்டாத காரைப் போலீஸ் விடுவதில்லை, மாட்டித்தான் போனோம். பாதி ஏற்றத்தில், வளைவில், இடப்பக்கச் சங்கிலி அறுந்து மட்கார்டை அடித்தது. மைத்துனன் இறங்கிப் பிடுங்கி எறிந்தான். அதன் பிறகு சக்கரம் சுழன்றதே தவிர கார் ஏறவில்லை. நகர்ந்தபோதெல்லாம் பின்னோக்கி, பள்ளத்துப் பக்கமாகவே நகர்ந்தது.

மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஃபெரன் என்ற தொளதொள காஷ்மீர் அங்கி அணிந்திருந்தார், இரண்டு கைகளும் அதற்குள் இருந்ததால் சட்டைக் கைகள் வெறுமனே ஆடின. எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். ஃபெரனுக்குள்ளிருந்து குளிர்காயும் காங்ரியை எடுத்தார்: பிரம்புப் பின்னலுக்குள் மண்சட்டி, அதில் கட்டித் தொங்கவிட்ட சிறு கரண்டி. கரண்டியால் ஒரு கிளறு கிளறிவிட்டு, சாம்பலையும் கனலையும் சேர்த்து டயருக்கு முன்னால் கொட்டினார். சுர்ரென்று ஆவி எழுந்தது. “சலோ, சலோ” என்று கையை வீசினார். கார் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டது, மைத்துனன் ஓடிவந்து தொற்றிக்கொண்டான்.

அந்த ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்ப முடியாது. நிறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், வெறும் சட்டியை ஃபெரனுக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் அவர் வீடு எவ்வளவு தூரமோ. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இப்படி ஏதாவது உங்களுக்கும் இருக்கும், எழுதுங்கள்.

நீலவண்டி

எனக்கு இமாச்சலத்தின் அடல் சுரங்கம். 2020 அக்டோபரில் திறந்த பிறகு ரோத்தாங் கணவாய் ஏறாமலே லாஹௌல் போய்விடலாம் என்றானதே, அந்த உற்சாகத்தில் பிப்ரவரியில் போனோம். மணாலிப் பக்கம் சுள்ளென்று வெயில், சாலை உலர்ந்திருந்தது. 9.02 கிலோமீட்டர் உள்ளே ஓட்டி மறுபக்கம் வெளியே வந்தால் கண் கூசும் வெள்ளை. சாலை மட்டும் கறுப்பாக இருந்தது. தார் என்றே எல்லோரும் நம்புவோம். அது தாரின் மேல் கண்ணாடிபோல் படிந்த பனிக்கட்டி.

எங்களுக்கு முன்னால் ஒரு டெம்போ டிராவலர். பிரேக் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். சத்தமே இல்லாமல் சுழல ஆரம்பித்தது. ஒவ்வொரு ஜன்னலாக எங்களைக் கடந்து போனது. ஒரு சிறுமி பிஸ்கட்டைக் கடித்தபடியே சுற்றினாள், அவளுக்கு நடப்பது புரியவில்லை. அரைச்சுற்று சுற்றி எங்களைப் பார்த்து நின்றது. டிரைவரும் நானும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்தோம். என்ன நினைத்தாரோ, இரண்டு கைகளையும் கூப்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டார். நானும் போட்டேன். பிறகு மெதுவாக வண்டியைத் திருப்பிக்கொண்டு சிஸ்ஸுவை நோக்கிப் போய்விட்டார்.

பழைய ஸ்பேனர்

மேலே எழுதிய இரண்டு தம்பிகளும் உயிரோடு வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. ஆனால் சாம்பல் கொட்டியதைப் பெரிதாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. டிக்கியில் அரை மூட்டை மணலும் ஒரு சிறு மண்வெட்டியும் இருந்திருந்தால் அந்தப் பெரியவரின் காங்ரி அணைந்திருக்காது. சங்கிலி அறுந்தது தளர்வாக மாட்டியதால்தான். மாட்டிச் சிறிது தூரம் ஓட்டியபின் இறங்கி மறுபடி இறுக்க வேண்டும், யாரும் செய்வதில்லை. நம் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இஞ்சின் இழுப்பது முன்சக்கரத்தை, சங்கிலியும் அங்கேதான். தார் தெரிந்தவுடன் கழற்றுங்கள்.

அடுத்து ரேடியேட்டர். நம் ஊர் வெயிலில் கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடிவிடுகிறோம். அந்தத் தண்ணீர் மேலே போய் உறைந்தால் விரிந்து இஞ்சின் பிளாக்கையே பிளக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருக்க வேண்டும். வைப்பருக்கு ஊற்றும் தண்ணீரும் அப்படியே, மலையடியிலேயே காலி செய்துவிடுங்கள். இரவில் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், ஈரத்தோடு உறைந்துவிட்டால் காலையில் விடாது. கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டயர் காற்று: மதுரை வெயிலில் 33 வைத்தால் உறைபனியில் 27க்குப் பக்கத்தில் நிற்கும், அங்கே போய்ச் சரிபார்க்க வேண்டும். டீசல் வண்டிக்காரர்கள் இங்கே நிரப்பிய டீசலோடு மலை ஏறக் கூடாது. அதிலுள்ள மெழுகு குளிரில் கட்டிதட்டி ஃபில்டரை அடைக்கும். 2019இல் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று மைனஸ் 33 வரை உறையாத டீசலை அறிமுகம் செய்ததே இதற்காகத்தான்.

சாலை கறுப்பாகப் பளபளத்தால் பிரேக்கை மறந்துவிடுங்கள். முன்கூட்டியே கியரைக் குறைத்து ஊருங்கள். பாலத்தின் மேல் இரட்டைக் கவனம், அடியிலும் காற்றோடுவதால் அங்கேதான் முதலில் உறையும். 4x4 வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன், நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதால் ஏறலாம். நிற்பதற்கு அது உதவாது.

நானும் ஜம்மு-ஸ்ரீநகர் வழியில் பனிஹால் பக்கம் போயிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

தென்முனை

அண்ணே, சங்கிலியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நான் கேட்டது காரைப் பற்றி அல்ல. மணல் மூட்டை வைத்திருந்தால் அந்த மனிதரை நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

குப்கார் வாடகைவாசி

வேலை நிமித்தம் ஸ்ரீநகரில் இருந்தவன். காங்ரிச் சாம்பலை வாசற்படி வழுக்காமலிருக்கத் தூவுவது அங்கே அன்றாட வழக்கம். அவருக்கு அது ஒரு தியாகமாகத் தோன்றியிருக்காது. வழியில் எந்த வீட்டில் கேட்டாலும் இரண்டு கனல் போட்டுத் தருவார்கள். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தென்முனை

அன்றாட வழக்கம் என்பது வாசற்படிக்கு. இது யாரோ ஒருவனுடைய கார்.

ஜன்னலோரம்

நான் காரோட்டியதில்லை, எப்போதும் பின்சீட்டுதான். அதனால் எனக்குக் கியர், கூலன்ட் எதுவும் நினைவில்லை, ஒரு கான்ஸ்டபிள்தான் நினைவிருக்கிறார். 2024 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்னால், சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவே ஆயிரம் வண்டிகள் வரை சிக்கின என்று செய்தி வந்ததே, அதில் ஒன்று எங்களுடையது. இருட்டிவிட்டது. பனி நிற்கவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தூங்கப் பார்த்தோம்.

அவர் வரிசையில் ஒவ்வொரு காராக வந்துகொண்டிருந்தார். முன்னால் வந்து பேசவில்லை. முதலில் காரின் பின்னால் போவார், மண்டியிடுவார், சைலன்சர் வாயைச் சுற்றியிருந்த பனியைக் கையாலேயே தோண்டுவார், உள்ளே விரலை விட்டுப் பார்ப்பார். பிறகுதான் கண்ணாடியைத் தட்டுவார். எங்களுடையதைத் தட்டியபோது அவர் புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. இஞ்சினை நிறுத்து, அந்தப் பக்கக் கண்ணாடியை இவ்வளவு இறக்கு என்று இரண்டு விரல்களை ஒட்டிவைத்துக் காட்டினார். என் கணவர், “உள்ளே குழந்தை இருக்கிறது, குளிருமே” என்று இந்தியில் வாதாடினார். குழந்தை இருப்பதால்தான் சொல்கிறேன் என்றார் அவர்.

சைலன்சர் அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் ஏறும், அதற்கு வாசனையே கிடையாது என்பதை ஊருக்கு வந்துதான் படித்தேன். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரியில் பனியில் சிக்கிய கார்களுக்குள் 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்தச் செய்தியை அப்போது நானும் படித்துவிட்டுக் கடந்தவள்தான். ஸ்பேனர் அண்ணா, இவ்வளவு நீளமாக எழுதினீர்கள், இதை ஏன் விட்டீர்கள்?

நெல்லைக்காரன் 77

பனிமலையை எல்லோரும் பேசுகிறீர்கள். குவாலியரிலிருந்து ஆக்ரா வரை ஜனவரி மூடுபனியில் ஓட்டிப் பார்த்தவனுக்குக் குல்மார்க் ஒன்றுமே இல்லை. பானட் முனை தெரியாது. எனக்கு முன்னால் ஒரு லாரி. அதன் கிளீனர் கீழே இறங்கி, டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தான். அவனுக்குப் பின்னால் லாரி, லாரிக்குப் பின்னால் நாங்கள் வரிசையாக. பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். நடுவில் ஒருமுறை திரும்பி, எல்லோரும் வருகிறோமா என்று டார்ச்சால் எண்ணிப் பார்த்தான்.

பழைய ஸ்பேனர்

ஜன்னலோரம் தங்கச்சி, விட்டுப்போனது உண்மைதான். இஞ்சினை அவ்வப்போது சிறிது நேரம் மட்டும் ஓடவிடலாம், ஒவ்வொரு முறையும் சைலன்சரைத் தோண்டிப் பார்த்துவிட்டு. அறைக்குள் கரியடுப்பு வைத்துக் கதவைச் சாத்துவதும் இதே ஆபத்துதான்.

‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதியதற்குத் தனிச்செய்தியில் இரண்டு பேர் கிண்டல் செய்கிறார்கள். சரி, சொல்கிறேன். பனிஹாலில் பழைய ஜவாஹர் சுரங்கம் மட்டும் இருந்த காலம். ராம்பன் பக்கம் மண்சரிவு, லாரிகள் வரிசையாக நின்றன. விடியற்காலையில் எங்கள் லாரி கிளம்பவில்லை, டீசல் கட்டிதட்டிவிட்டது. நான் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து லாரிக்காரர், ஒரு சர்தார்ஜி, வயதானவர், அவருக்கும் அதே பிரச்சினை. ஒரு தகரத்தில் துணியைச் சுருட்டிப் போட்டு, டீசலில் நனைத்துப் பற்றவைத்தார். அதை அப்படியே கழியால் தள்ளித் தன் டீசல் டேங்குக்கு அடியில் வைத்தார். பதறிப்போய் நான் பத்தடி பின்வாங்கினேன். அவர் டேங்குக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தீயில் கை காய்ச்சிக்கொண்டே, என் வண்டியின் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, “மதராஸில் இப்போது மழையா?” என்று கேட்டார்.

யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். அவர் வண்டி முதலில் கிளம்பியது.