‘கால்’ ஒரு சொல்லா, இரு சொற்களா?

மொழியியல் மாணவி:

சொற்பொருளியல் வகுப்பில், உடலுறுப்பைக் குறிக்கும் ‘கால்’, நான்கில் ஒரு பங்கைக் குறிக்கும் ‘கால்’ ஆகிய இரண்டையும் எப்படி வகைப்படுத்துவது என்ற கேள்வி எழுந்து முடிவின்றி நின்றது. பொருள்கள் தம்முள் தொடர்புடையனவாயின் அது பல பொருள் தரும் ஒரே சொல்; வடிவம் மட்டும் தற்செயலாக ஒத்திருந்தால் அவை வெவ்வேறு ஒப்புருச் சொற்கள் என்பது பாடநூல் விளக்கம். இவை இரு சொற்கள் என்பதே என் நிலைப்பாடு.

ஒரு சொல்லின் பொருளை வரையறுப்பது பிற சொற்களோடு அதற்குள்ள உறவு. உறுப்பாகிய கால் உடல் என்னும் முதலுக்கு, அதாவது முழுமைக்கு, சினை, அதாவது பகுதி. தொடையும் முழங்காலும் பாதமும் அதற்குச் சினைகள். கை அதற்கு இணை. எண்ணாகிய காலுக்கோ அரை, முக்கால், அரைக்கால், வீசம் என முற்றிலும் வேறான சுற்றம் உள்ளது. ‘மேசைக்கு ஒரு கால் குறைகிறது’ என்கிறோம், ‘கிலோவுக்குக் கால் குறைகிறது’ என்றும் சொல்கிறோம். ஆனால் ‘மேசைக்கும் கிலோவுக்கும் கால் குறைகிறது’ என்று இரண்டையும் ஒரே தொடரில் பூட்டினால் கேட்பவர் திகைத்துப் போவார்.

அகராதிப் பணியாளர்:

ஒரே தொடரில் பூட்டிப் பார்க்கும் சோதனை, பொருள்கள் இரண்டு என்பதை மட்டுமே காட்டும். சொற்கள் இரண்டு என்பதை அது காட்டாது. பல பொருள் தரும் ஒரே சொல்லும் அச்சோதனையில் இதே போலத் தோற்கும். ‘திங்கள்’ நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும்; ‘வானத்திலும் நாட்காட்டியிலும் திங்கள் முடிந்தது’ என்று எவரும் சொல்லார். அதனால் அவை இரு சொற்கள் ஆகிவிடுமா?

தமிழ் இலக்கண மரபு ‘கால்’ பற்றி முன்பே ஒரு விடை சொல்லியிருக்கிறது. நன்னூலின் உரைமரபில் எண்ணலளவை ஆகுபெயருக்குக் ‘காலாலே நடந்தான்’ என்பது எடுத்துக்காட்டு. நான்கில் ஒன்று என்னும் எண்ணின் பெயர், உடலின் நான்கில் ஒரு பங்காகிய உறுப்புக்கு ஆகிவந்தது என்பது விளக்கம். ஆகுபெயர் என்றாலே பொருள்களுக்கிடையே தொடர்பு உண்டு என்றுதான் பொருள். திசையில் மட்டும் நான் உரையாசிரியர்களோடு மாறுபடுகிறேன், ஏனெனில் பொதுவாக உடலின் பெயர்தான் எண்ணுக்குச் செல்கிறது. ஹவாய் மொழியில் ‘லிமா’ என்பது கையையும் குறிக்கும், ஐந்தையும் குறிக்கும்.

இதைவிட வலுவான சான்று ‘அரை’. அரைஞாண் கயிற்றில் உள்ள அரை இடுப்பு. அரைப்படி அரிசியில் உள்ள அரை பாதி. உடலின் நடுப்பகுதி பாதிக்கும், அதற்குக் கீழுள்ள உறுப்பு பாதியின் பாதிக்கும் பெயராக அமைந்திருப்பதைப் பார்க்கும்போது, இந்த இரண்டு ஒப்புமைகளும் ஒரே மொழியில், அதுவும் அடுத்தடுத்த பின்னங்களில், தற்செயலாக நேர்ந்தன என்று நம்ப என் மனம் ஒப்பவில்லை. வடமொழியிலும் ‘பாத’ என்பது அடியையும் நான்கில் ஒன்றையும் குறிக்கிறது. நட்சத்திரத்தை நான்கு பாதமாகப் பிரித்து ‘அசுவினி முதல் பாதம்’ என்று பஞ்சாங்கம் சொல்வது நாம் அறிந்ததுதானே.

சொல் வரலாற்று வாசகர்:

வடமொழி ஒப்புமை, கால் எண்ணுக்குப் பெயராக முடியும் என்பதைத்தான் நிறுவுகிறது. தமிழில் அப்படியே ஆனது என்பதை நிறுவவில்லை. மேலும், ஐயா, நீங்கள் இரண்டு வேறு கதைகளைச் சேர்த்துச் சொல்கிறீர்கள். வடமொழிப் ‘பாத’ என்பதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம் நாற்கால் விலங்கு: நான்கு கால்களில் ஒன்று. அரையோடு சேர்த்து நீங்கள் தரும் விளக்கமோ நிமிர்ந்து நிற்கும் மனித உடல்: இடுப்பு பாதி, அதற்குக் கீழே கால். இடுப்புக்குக் கீழே உள்ளது முழுவதும் கால் என்றால் அதுவும் பாதிதானே, நான்கில் ஒன்று எப்படி ஆகும்? ஒரு சொல்லுக்கு இரண்டு விளக்கங்கள் சம வலிமையோடு பொருந்தும்போது இரண்டையுமே ஐயுறுவது முறை.

மலையாளத்திலும் கன்னடத்திலும் இவ்விரு பொருள்களும் ஒரே வடிவத்தில் உள்ளன என்று அடுத்து ஒருவர் சொல்லக்கூடும். அதுவும் முடிவான சான்றன்று, ஏனெனில் மூலமொழியில் இரண்டு தனிச்சொற்கள் தற்செயலாக ஒத்திருந்தாலும் கிளைமொழிகள் அந்த ஒப்புமையை அப்படியே பெற்றிருக்கும். பழம்பாடல்களில் காற்றைக் குறிக்கும் ‘கால்’ வேறு இருக்கிறது; வாய்க்காலில் உள்ள ‘கால்’ இருக்கிறது; உமிழ்தலைக் குறிக்கும் ‘கால்’ என்ற வினை இருக்கிறது. அகராதியில் இவற்றையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் அடுக்குவீர்களா?

மொழியியல் மாணவி:

வரலாற்றைக் கொண்டு இதை முடிவு செய்வதையே நான் ஏற்கவில்லை. ஆங்கிலப் பாடநூல்கள் ஒப்புருச் சொற்களுக்கு வழக்கமாகக் காட்டும் ‘பேங்க்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆற்றங்கரையைக் குறிப்பதும் பண வங்கியைக் குறிப்பதும் ஆகிய இரண்டும் பழைய ஜெர்மானிய வேர் ஒன்றிலிருந்து வெவ்வேறு வழிகளில் வந்தவை, ஆயினும் இன்று பேசுபவருக்கு அவை தொடர்பற்றவை. காதைக் குறிக்கும் ‘இயர்’, தானியக் கதிரைக் குறிக்கும் ‘இயர்’ ஆகியவற்றின் மூலங்கள் வேறு; ஆயினும் பலர் கதிரைச் செடியின் காதாக எண்ணித் தொடர்புபடுத்துகிறார்கள். வேர் ஒன்றைச் சொல்கிறது, பேசுபவர் மனம் வேறொன்றைச் சொல்கிறது.

இன்றைய தமிழின் இலக்கணமும் என் பக்கமே நிற்கிறது. உறுப்பு ‘கால்கள்’ என்று பன்மை ஏற்கும், எண் ஏற்காது. எண், முழு எண்ணின் ஏகாரத்தோடு சேர்ந்து ‘ஒன்றேகால்’, ‘இரண்டேகால்’ என்று ஒரே சொல்லாகிறது. உறுப்பு அப்படி ஒட்டாது.

அகராதிப் பணியாளர்:

உறவுச் சுற்றம் மாறினால் சொல்லும் மாறும் என்ற உங்கள் அளவுகோலைக் கட்டில் காலுக்கு வைத்துப் பாருங்கள், அம்மா. அதற்குத் தொடையும் இல்லை, பாதமும் இல்லை. கை அதற்கு இணையும் அன்று. சட்டமும் பலகையும்தான் அதன் சுற்றம். பந்தற்கால் நடப்பதும் இல்லை. ஆயினும் இவற்றை வேறு சொற்கள் என்று நீங்களே சொல்லமாட்டீர்கள். பன்மை ஏற்காமையும் எண்ணுப்பெயர்களின் பொது இயல்பு. பொருள் விரியும்போது இலக்கண நடத்தையும் மாறத்தான் செய்யும்.

காற்றையும் வாய்க்காலையும் இதில் சேர்க்க எனக்குச் சான்று இல்லை. ஆகவே அவற்றைத் தனித் தலைச்சொற்களாகவே வைப்பேன். உறுப்பையும் எண்ணையும் ஒன்றாக வைப்பதற்கு ‘அரை’ என்ற துணை உண்டு. அந்த இணையை வேறு வழியில் எவரேனும் விளக்கும்வரை என் அகராதிப் பதிவில் அவை ஒரே தலைச்சொல்லின் கீழ்தான் இருக்கும்.

மொழியியல் மாணவி:

கட்டில் காலுக்கும் உறுப்புக்கும் உள்ள தொடர்பை, தாங்கி நிற்பது என்று எந்தக் குழந்தையும் கேட்டவுடன் சொல்லும். காலுக்கும் கால் லிட்டர் பாலுக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல நன்னூல் உரையும் வடமொழியும் தேவைப்படுகின்றன. நான் பிரிக்கும் கோடு அங்கேதான் விழுகிறது.