பூங்கா இடத்தை மேடாக்கி வடிகால் கட்டினால் மழைநீர் எங்கே போகும்?

கேள்வி: யானைமலை வாசி

வணக்கம். மதுரைக்கு வடகிழக்கே, யானைமலை கண்ணெதிரே தெரியும் ஓர் ஊராட்சியில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலுடன் போடப்பட்ட 12 ஏக்கர் மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். அதன் தென்கிழக்கு மூலையில் பூங்காவுக்கென்று விடப்பட்ட இடம் ஏறத்தாழ 75 சென்ட் இருக்கும். பூங்கா என்று பெயரே தவிர, இரண்டு வேப்பமரங்களும் சீமைக்கருவேலப் புதரும்தான் அங்கே உள்ளன. மனைப்பிரிவிலேயே தாழ்வான இடம் அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுவதும் அங்கே இறங்கி, முழங்கால் அளவுக்கு நின்று, நான்கைந்து நாட்களில் வற்றிவிடும். அந்த மூலையை ஒட்டிய வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் சித்திரை மாதத்திலும் தண்ணீர் கிடைப்பதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன்.

இப்போது அந்த இடத்தில் கிராவல் அடித்து இரண்டடி உயர்த்தி, சமுதாயக் கூடம் கட்ட வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. தெரு ஓரங்களில் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள கான்கிரீட் வடிகால் அமைத்து, மழைநீரை ஓடை வழியாகக் கீழே இருக்கும் கண்மாய்க்கு அனுப்பிவிடலாம் என்கிறார்கள். கொசுவுக்கும் பாம்புக்கும் அஞ்சிக் குடியிருப்போரில் பாதிப்பேர் இதை வரவேற்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தையும் நான் தள்ளிவிட முடியாது. பூங்கா இடத்தில் கட்டடம் கட்டலாமா, வடிகால் ஒன்றே போதுமா, கிராம சபையில் நாங்கள் எதைக் கேட்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கலுங்கு

பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், முதலில் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். 12 ஏக்கர் என்பது ஏறத்தாழ 48,500 சதுர மீட்டர். அதன்மேல் 5 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 24 லட்சம் லிட்டர். வீடும் தளமும் சாலையுமாக நிறைந்துவிட்ட இடத்தில் அதில் அறுபது விழுக்காடு ஓடும் என்று வைத்தாலும், 14 லட்சம் லிட்டருக்கு வழி சொல்லியாக வேண்டும். இந்த மழை ஒரு மணி நேரத்தில் பெய்தால் வினாடிக்கு 400 லிட்டர் ஓடிவரும். நீங்கள் சொல்லும் வடிகால் விளிம்பு வரை நிறைந்து, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினாலும் 200 லிட்டரைத்தான் கடத்தும். மிச்சமுள்ள பாதி எங்கே நிற்கும்? இப்போது நிற்கும் அதே மூலைக்குத்தான் வரும். அங்கே இரண்டடி மேடு இருந்தால், பக்கத்து வீடுகளின் வாசற்படிக்குத் திரும்பும்.

2024 அக்டோபர் 25 அன்று மாலை மூன்று மணியளவில் மதுரை நகரில் 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செல்லூர்க் கண்மாயை ஒட்டிய தெருக்களிலும் பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்களிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு காலத்தில் வயலும் கண்மாயின் உள்வாயுமாக (கரைக்கு உட்புறம் நீர் பரவி நிற்கும் பகுதி) பரந்து நின்று உள்வாங்கிய தண்ணீரை, இன்று ஒரு வாய்க்காலின் அகலத்துக்குள் அடக்கி வைகைக்கு அனுப்பப் பார்க்கிறோம். அதனால் வாய்க்காலை அகலப்படுத்துவது அவசியமான வேலையே. ஆனால் மழை இறங்கும் இடத்திலேயே கொஞ்சம் தண்ணீரை நிறுத்தி வைக்காவிட்டால் எந்த அகலமும் போதாது. உங்கள் பக்கத்தில் யானைமலையும் இருக்கிறது. பாறையில் விழும் மழை ஊறுவதில்லை. விழுந்த வேகத்தில் இறங்கிவிடும்.

ஆகவே பூங்கா இடத்தை உயர்த்தாதீர்கள், இன்னும் தாழ்த்துங்கள் என்பதே என் கருத்து. அந்த 75 சென்டில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது சுமார் 2,000 சதுர மீட்டரை, சராசரியாக இரண்டடி ஆழத்துக்குக் கிண்ணம்போல் வெட்டினால் 12 லட்சம் லிட்டர் பிடிக்கும். மேலே சொன்ன 14 லட்சத்தில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். கரைகளைச் செங்குத்தாக வெட்டாமல், குழந்தை ஏறி இறங்கும் அளவுக்குச் சாய்வாக விடுங்கள். மீதியுள்ள மேட்டில் நடைபாதையும் மரங்களும் வைக்கலாம். மழை இல்லாத மாதங்களில் பள்ளத்தில் பிள்ளைகள் விளையாடலாம். தெருத் தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டி, ஆண்டுதோறும் புரட்டாசியில் அதைத் தூர்வார வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் மூன்றே மழைக்காலத்தில் பள்ளத்தின் அடி களிமண் பூசியதுபோல் அடைத்துக்கொள்ளும்.

கொசுவைப் பற்றிய அச்சம் நியாயமானது. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகையால் தண்ணீர் மூன்று நாளுக்குள் ஊறிவிடும்படி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழிகள் சிலவற்றை அடியில் அமைக்க வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் இது அவ்வளவு எளிதாக நடக்காது. உங்கள் பகுதியில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். தெருத் தண்ணீரை வடிகட்டாமல் நேரே ஆழ்துளைக் கிணற்றுக்குள் விடும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். நிலத்தடி நீரையே அது கெடுத்துவிடும்.

பதில்: தல்லாகுளம் வழக்கறிஞர்

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனைப்பிரிவு ஒப்புதல் ஆணையையும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும், அந்த இடம் ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்ட பத்திரத்தையும் முதலில் கையில் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும்; அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்ப முடியாது. உங்களுடையது அதற்கு முந்தைய மனைப்பிரிவு என்பதால், உங்கள் ஒப்புதல் ஆணையில் உள்ள நிபந்தனைதான் அடிப்படை ஆவணம்.

பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்த முடிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதுதான் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. சமுதாயக் கூடம் வேண்டும் என்பவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கூடத்துக்கு வேறு நிலம் தேடுவதில் நீங்களும் துணை நின்றால் பகை வளராது. அத்துடன், வடிகாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓடை, வருவாய்த் துறையின் நில விவரப் பதிவேடான ‘அ’ பதிவேட்டிலும் நில அளவை வரைபடமான புலப்படத்திலும் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கிறதா, பதிவில் உள்ள அகலம் தரையிலும் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

பதில்: ஆயக்கட்டுக்காரர்

உங்கள் ஊர்க் கண்மாயைப் போன்ற ஒரு கண்மாயின் ஆயக்கட்டில், அதாவது அதன் பாசனப் பரப்பில், எனக்கு நிலம் இருக்கிறது. மனைப்பிரிவுகளில் இருப்பவர்கள் கண்மாயை, தண்ணீரைத் தள்ளிவிடும் கடைசி இடமாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மேலே இருந்து வரும் வடிகாலில் மழைநீர் மட்டும் வருவதில்லை. குளியலறைத் தண்ணீரும், செப்டிக் டேங்க் நிறைந்து வழிவதும், பாலித்தீன் பையும் சேர்ந்தே வருகின்றன. ஆகாயத்தாமரை மூடிய கண்மாயில் மடை திறந்தால் என்ன தண்ணீர் வயலுக்கு வரும் என்று எண்ணிப் பாருங்கள். துவரிமான் பக்கத்திலிருந்து தெளிந்த நீராக நகருக்குள் ஓடிவந்த கிருதுமால் நதி சாக்கடை என்று பெயர் வாங்கியதும் இப்படித்தான். ஒவ்வொரு தெருவும் ஒரு சிறு குழாயைத்தான் அதில் விட்டிருக்கும்.

அதே நேரத்தில், எல்லாத் தண்ணீரையும் பூங்காவிலேயே கட்டி வைத்துக்கொள்ளவும் கூடாது. கண்மாய்க்கு வரத்து வேண்டும். எங்கள் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். ஆகவே வெட்டும் பள்ளத்துக்கு ஒரு சின்னக் கலுங்கு வையுங்கள். குறித்த மட்டத்துக்கு மேல் வரும் தண்ணீர் அதன் வழியாக ஓடைக்கு இறங்கட்டும். முதல் மழையின் அழுக்கும் குப்பையும் உங்களிடமே தங்கி, தெளிந்த தண்ணீர் எங்களுக்கு வரும். நம் ஊர்களில் ஊரணி வெட்டியவர்களும் வரத்துக்கு ஒரு வழியும் போக்குக்கு ஒரு வழியும் வைத்துத்தான் வெட்டினார்கள்.

யானைமலை வாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நவம்பர் 1 அன்று கூடும் கிராம சபையில் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்கப் போகிறேன்: பூங்கா இடத்தில் மண் அடிக்கக் கூடாது, கழிவுநீர் இணைப்பு எதுவும் மழைநீர் வடிகாலில் சேரக் கூடாது, ஓடையை அளந்து எல்லைக்கல் ஊன்ற வேண்டும். கலுங்கை எந்த மட்டத்தில் வைப்பது என்பதை எங்களால் கண்டுபிடிக்க முடியுமா, ஐயா?

கலுங்கு

முடியும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும். பள்ளத்தை ஒட்டிய வீடுகளில் எது மிகத் தாழ்வான வாசற்படியோ, அந்த மட்டத்தைப் பூங்காச் சுற்றுச்சுவரில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கலுங்கின் தலை அதற்கு ஒன்றரை அடியாவது கீழே இருக்க வேண்டும். அடுத்த பெருமழையின்போது குடையுடன் போய், அரை மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர் ஏறிய மட்டத்தைச் சுவரில் கோடு கீறி, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். மழை நின்ற பிறகு, வற்றும் மட்டத்தையும் அதேபோல் நாள்தோறும் குறியுங்கள். கிராம சபைக்கு அந்தச் சுவரின் படத்தைக் கொண்டுபோங்கள்.